மோனசாமி கண்ணை மூடியபோது

எங்கள் ஆசிரமத்தில் அப்போது நாலு மனுஷரும் ஒரு பச்சோந்தியும் இருந்தோம். நாலு பேரில் மூணு பேரை வைத்தே இதைச் சொல்லி முடித்துவிடலாம். நாலாமவர் வருஷம் முழுக்க மௌன விரதம். அவரால் கதைக்கு ஒரு உபகாரமும் கிடையாது.

அம்மா எங்கள் குரு. வயது நாற்பத்தாறு. சந்நியாசம் வாங்குவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் கால்நடை ஆஸ்பத்திரியில் சாணியும் புழுக்கையும் சோதிக்கிற வேலை பார்த்தவர். ஆசிரமத்துக்கு வரும்போது ரெண்டு காவிச் சேலையும் ஒரு பழைய மைக்ராஸ்கோப்பும் கொண்டுவந்தார். எல்லாத்தையும் துறந்தவளுக்கு இது எதுக்கு என்று ஊரில் கேட்டார்கள். அவர்கள் ஆடு கழிய ஆரம்பித்ததும் அதே ஊர்தான் முதல் ஆளாக வாசலில் வந்து நின்றது.

கோமதிநாயகம் அண்ணாச்சி அம்மாவின் சிஷ்யர். அம்மாவை விடப் பதினெட்டு வயது மூத்தவர். முப்பத்தொரு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்று வந்தவர். நான் பேச்சியம்மாள். சமையல்கட்டு என்னோடது. யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள், யாருக்கு என்ன ஆகாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சிக்கு ஒரே ஒரு குறை. கண்ணை மூடி உட்கார வராது. மூடினால் மூணாவது நிமிஷம் திறந்துவிடும். வெளியே தென்னமட்டை விழுந்தால் திறக்கும். நான் கடுகு தாளித்தால் திறக்கும். திறந்த கையோடு வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடும். நான் எத்தனையோ நாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

"என்ன செய்ய, தங்கச்சி," என்பார். "முப்பத்தொரு வருஷம் கண்ணை மூடாம இருந்ததுக்குத்தான எனக்குச் சம்பளம்."

அம்மாவிடம் வாரம் ஒரு தரம் கேட்பார். "எனக்கு எப்பம்மா வரும்?"

"வரும் அண்ணாச்சி."

அஞ்சு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

அந்தத் தை மாசம் கிளுவை வேலியை வெட்டினபோது கிளையோடு ஒரு பச்சோந்தி கீழே விழுந்தது. அரிவாள் அதன் முன்காலில் பட்டிருந்தது. அம்மா வனத்துறைக்குச் சொல்லி அனுப்பினார். ரேஞ்சர் வந்து பார்த்தார். கால் ஆறுகிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும், ஆறினதும் எனக்குச் சொல்லுங்க, காட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். செம்பருத்திச் செடியைச் சுற்றிப் பச்சை வலை கட்டி அதை உள்ளே விட்டோம். பொறுப்பு அண்ணாச்சிக்கு.

அம்மா அவருக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான்.

"இலையில தண்ணி தெளிங்க. அது சொட்டைத்தான் நக்கிக் குடிக்கும். வெட்டுக்கிளியை உயிரோட விடுங்க. கீழ விழுந்த எச்சத்தை அன்னன்னைக்கு அள்ளித் தூரப் போட்டுருங்க."

அண்ணாச்சிக்கு அதன் கண்ணைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஒரு கண் முன்னால் பார்க்கும்போது மற்றது பின்னால் பார்க்கும். ரெண்டும் ஓயாமல் சுழலும்.

"ஒரு கண்ணு ரோட்டுல, ஒரு கண்ணு கண்ணாடியில," என்றார். "சரியான டிரைவர் இது."

மாசியில் மேற்கே அடிவார ஊர்களில் ஆடுகளுக்குக் கழிச்சல் பரவியது. அம்மாவைக் கூப்பிட்டார்கள். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அண்ணாச்சி கூடத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மட்டை விழுந்தது. திறக்கவில்லை. நான் ரசத்துக்குத் தாளித்தேன். அப்போதும் திறக்கவில்லை. அம்மா தோளில் பையோடு வாசலில் நின்று பார்த்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"பேச்சிக்கா, அண்ணாச்சிக்கு வந்துட்டு," என்றார் மெதுவாக. எழுப்ப வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அண்ணாச்சி எழுந்ததும் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பத்தாம் நாள் பச்சோந்தியும் கண்ணை மூட ஆரம்பித்தது.

நல்ல வெயிலில், நட்ட நடுப் பகலில், கிளையைப் பிடித்தபடி மூடிக்கொண்டு அசையாமல் இருந்தது. பச்சை போய் உடம்பு கருத்தது. வெட்டுக்கிளி மூக்குக்கு நேராக நடந்தாலும் நாக்கை நீட்டவில்லை. அண்ணாச்சி என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"தங்கச்சி, இது தவத்துல இருக்கு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. நான் வலைக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மோனசாமி என்று பேர் வைத்தது அண்ணாச்சிதான். கால் ஆறியிருந்தது. ரேஞ்சருக்குச் சொல்லவேண்டிய நேரம். தவத்தில் இருப்பதை எப்படித் தூக்கிக் காட்டில் போடுவது என்று தள்ளிப்போட்டார். அதற்கு எதிரே பலகையைப் போட்டு அவரும் உட்கார ஆரம்பித்தார். மூணு நிமிஷம் போய் மூணு நாழிகை ஆயிற்று. அது சாப்பிடவில்லை என்று அவர் ராச்சாப்பாட்டை விட்டார். பிறகு காலைப் பலகாரத்தை விட்டார். தட்டு அப்படியே திரும்பி வந்தது. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் அதை நான் பெருமையாகச் சொன்னேன்.

பங்குனியில் ஒரு நாள் விடியக்காலையிலேயே வந்து சமையல்கட்டு வாசலில் நின்றார்.

"அதோட எச்சத்துல வெள்ளையா ஒரு பக்கம் இருக்கும்லா. அது காவியாயிட்டு, தங்கச்சி."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். நல்ல காவி நிறம்.

அதற்குப் பிறகு அவர் எச்சத்தை வெளியே போடவில்லை. போட மனசு வரவில்லை. வெறுங்கையால் அள்ளி அந்தச் செம்பருத்தி வேரிலேயே புதைத்தார். பங்குனிப் பௌர்ணமிக்கு ஊர்ச்சனம் வந்து வலையில் மாலை கட்டியது. யாரோ சூடம் கொளுத்தினார்கள்.

சித்திரை பிறந்த மூணாம் நாள் மத்தியானம் அம்மா திரும்பினார்.

அண்ணாச்சி வாசலுக்கே போய் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். சமீபகாலமாகவே நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். மூச்சைக் கவனிக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். முதல்ல வந்து பாருங்க."

வலைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். காய்ந்த மாலை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மோனசாமி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது.

"நான் முழுசா இது மாதிரி ஆக இன்னும் எவ்வளவு நாளும்மா ஆகும்?"

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார்.

"எத்தனை நாளா பகல்ல கண்ணை மூடுது?"

"நாப்பது நாளுக்கு மேல இருக்கும்."

"சாப்பாடு?"

"உபவாசம்மா. எப்பவாச்சும் ஒரு வெட்டுக்கிளி."

"எச்சம்?"

அண்ணாச்சி சிரித்தார். இதற்காகத்தான் காத்திருந்த மாதிரி.

"காவிம்மா. அதுவும் காவி கட்டிட்டு."

அம்மா மாலையை அறுத்துக் கீழே போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலையைத் திறந்து, கையை நீட்டி, தன் விரலை அதன் காலுக்கடியில் கொடுத்தார். நல்ல பச்சோந்தி விரலைக் கிடுக்கி மாதிரி பிடிக்கும். இது வெறுமனே காலை வைத்தது. அப்படியே சாய்ந்தது. அம்மா உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

"கண்ணு உள்ள போயிருக்கு பாருங்க. தண்ணி இல்லாம வத்திட்டு. காவி இல்ல அது. உடம்புல தண்ணி இல்லன்னா அந்த வெள்ளை இப்படித்தான் நிறம் மாறும்."

"தவத்துல..."

"சீக்குல இருக்கு, அண்ணாச்சி."

வெளிச்சத்தில் அதைத் திருப்பிப் பிடித்தார். விலாப் பக்கம் தோலுக்கடியில் நூல் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. நரம்பு என்று நினைத்தேன். அண்ணாச்சியும் குனிந்து பார்த்தார். நாங்கள் பார்க்கப் பார்க்க அந்தக் கோடு நெளிந்து நகர்ந்தது.

அண்ணாச்சி ரெண்டடி பின்னால் போனார். நாற்பது நாளாக நாங்கள் கும்பிட்டது அதன் தோலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்த புழுவுக்கு.

அம்மா அவசரப்படவில்லை. என்னிடம் கல் உப்பு கேட்டார். உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்குத் தண்ணீரில் கரைத்து, வலைக்குள் ஈரமாகக் கிடந்த எச்சத்தில் ஒரு நெல்லளவு எடுத்துக் கலக்கி, துணியில் வடிகட்டிச் சின்னக் குப்பியில் விளிம்பு தட்ட ஊற்றினார். மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்தார்.

"முட்டை இருந்தா மிதந்து மேல வந்து ஒட்டும். கால் மணி நேரம்."

பச்சோந்தியை ஈரத்துணி விரித்த செருப்புப் பெட்டியில் நிழலில் வைத்திருந்தோம். பிறகு அம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துத் திருகினார். எழுந்து அண்ணாச்சிக்கு இடம் விட்டார்.

"பாருங்க."

அண்ணாச்சி பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"முட்டை முட்டையா இருக்கும்மா. எண்ண முடியாது போல." அவர் இன்னும் குனிந்தார். "ஒண்ணுக்குள்ள என்னமோ சுருண்டு நெளியுது."

"அள்ளின எச்சத்தை எங்க போட்டீங்க?"

அவர் கண்ணை எடுக்கவே இல்லை.

"எங்க போட்டீங்க, அண்ணாச்சி?"

"செடி வேர்ல புதைச்சேன்."

"வெட்டுக்கிளி?"

"அந்த மண்ணுமேலதான் விடுவேன்."

அம்மா தலையை ஆட்டினார். வெட்டுக்கிளி வழியாக வந்த புழுவோ, காட்டிலிருந்தே கொண்டுவந்த புழுவோ, கொஞ்சமாக இருந்திருக்கும். எச்சத்தில் வந்த முட்டையே வெட்டுக்கிளியோடு திரும்பத் திரும்ப உள்ளே போயிருக்கிறது. தோலுக்கடியில் இருப்பது வேறு சாதிப் புழு, அது தனி. மருந்தை எடைக்குத் தக்கபடி மயிரிழையாகக் கொடுக்க வேண்டும், கூடினால் செத்துவிடும், என்னால் ஆகாது, வனத்துறை டாக்டரிடம் இப்போதே போக வேண்டும் என்றார். என்னை ரேஞ்சருக்குப் போன் போடச் சொன்னார்.

நான் போன் பேசிவிட்டு வந்தபோது அண்ணாச்சி இன்னும் அந்த மேசையில் குனிந்தபடியே இருந்தார். அழுகிறார் என்று தெரிந்தது. அம்மா பக்கத்தில் நின்று அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசை விளிம்பைப் பிடித்திருந்த கை. நகமெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இங்க திரும்புங்க."

திரும்பினார். அம்மா கட்டைவிரலால் அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடம் வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது.

அம்மா அசையாமல் நின்றார். அவர் திகைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். பிறகு, பச்சோந்திக்குக் கொடுத்த அதே விரலை நீட்டினார்.

"இதைப் பிடிங்க. பலமா."

அண்ணாச்சி பிடித்தார்.

"பலமான்னு சொன்னேன்."

"பலமாத்தாம்மா பிடிச்சிருக்கேன்."

அம்மா விரலை உருவினார். ஒரு சிரமமும் இல்லாமல் வந்துவிட்டது. முப்பத்தொரு வருஷம் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீரிங் பிடித்த கை அது.

"எத்தனை நாளா பகல்ல கண்ணு மூடுது?"

"தியானம்மா."

"எத்தனை நாளா பசி இல்ல?"

"உபவாசம்."

அவர் உதட்டோரம் ஒட்டியிருந்த வெள்ளையை அம்மா பார்த்தார். "திருநீறு எவ்வளவு சாப்பிடுதீங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். முன்னெல்லாம் ஒரு சிட்டிகை வாயில் போடுவார். இப்போது அள்ளி அள்ளித் தின்கிறார். திருநீற்றுப் பொட்டலம் ரெண்டு நாளில் காலி. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து நான் பெரிய பொட்டலமாக வாங்கி வைத்தேன்.

"ரத்தம் இல்லாதவங்களுக்கு மண்ணையும் சாம்பலையும் தின்னச் சொல்லும்," என்றார் அம்மா. "வெளிக்குப் போறது என்ன நிறம்?"

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க."

"கறுப்பும்மா. தார் மாதிரி."

ரேஞ்சரின் ஜீப் வந்தது. முன் சீட்டில் செருப்புப் பெட்டியை மடியில் வைத்தபடி அண்ணாச்சியை ஏற்றினோம். அவர் வர மாட்டேன் என்றார். அதைக் கொண்டுபோங்க, எனக்கு ஒண்ணும் இல்லை என்றார். அம்மா அவர் முகத்துக்கு நேராக ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"ஏறுங்க."

டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் எங்களைத்தான் திட்டினார். பதிமூணு கிராம் இருக்க வேண்டிய ரத்தம் நாலு கிராம்தான் இருக்கிறது, இந்த மனுஷன் எப்படி நடந்து வந்தார் என்றார். கொக்கிப்புழு. வேண்டுதலுக்குச் செருப்பை விட்டு ரெண்டு வருஷமாகத் தோப்பு மண்ணில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். கால் வழியாக ஏறி, குடலில் இருந்துகொண்டு குடித்திருக்கிறது. மூணு நாலு மாசமாகவே முற்றித்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். இன்னும் பத்து நாள் தவம் பண்ணியிருந்தால் தவத்திலேயே போயிருப்பார் என்றும் சொன்னார். அவர் கேலியாகத்தான் சொன்னார். திரும்பி வந்த ஒவ்வொரு தட்டும் எனக்கு ஞாபகம் வந்தது.

இந்தப் புழு பச்சோந்தியிடமிருந்து வந்ததா என்று அண்ணாச்சி கேட்டார்.

"அதோட புழு வேற, உங்க புழு வேற," என்றார் அம்மா.

மூணு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். நாலாம் நாள் காலையில் நான் கஞ்சி கொண்டுபோனபோது அண்ணாச்சியின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வார்டில் ஒரு பாத்திரம் விழுந்தது. அண்ணாச்சியின் கண் சட்டென்று திறந்தது. வலது கால் போர்வைக்குள் அசைந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் ரேஞ்சரின் போன் வந்தது. அம்மா பேசினார். பேசினார் என்ன, கேட்டுக்கொண்டார். போனை மடியில் வைத்தார்.

"அது போயிட்டுதா?" என்றார் அண்ணாச்சி.

"விடியக்காலையில. தோல்ல இருந்த புழுவை எடுத்துட்டாங்களாம். குடலு ரொம்பக் கெட்டுப்போயிருந்துச்சாம்."

அண்ணாச்சி மேலே ஓடுகிற விசிறியைப் பார்த்தபடி கிடந்தார்.

"நான் கொன்னுட்டேம்மா."

இல்லை என்று அம்மா சொல்லுவார் என நினைத்தேன். சாகக் கிடந்து எழுந்தவரிடம் வேறென்ன சொல்ல.

"ஆமா, அண்ணாச்சி," என்றார் அம்மா.

நான் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

அண்ணாச்சி தலையை அவர் பக்கம் திருப்பினார்.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"வலைக்கு வெளிய நின்னு குனிஞ்சீங்க. நாலு கேள்வி கேட்டீங்க. சீக்குன்னு சொல்லிட்டீங்க. நீங்க ஊருக்குக் கிளம்பின அன்னைக்கு நானும் உங்க கண்ணு முன்னாலதான் உக்காந்திருந்தேன். அன்னைக்கே எனக்கு முத்தியிருந்துச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு. எத்தனை ஆயிரம் மாட்டுச் சாணி பாத்த கண்ணும்மா உங்களுக்கு. என்னைப் பாத்து ஏன் தெரியல?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே போகலாமா என்று பார்த்தேன்.

அம்மா என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். ஒரு கரண்டி எடுத்து ஊதி, அவர் வாய்ப்பக்கம் கொண்டுபோனார். அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியைக் கிண்ணத்திலேயே திரும்ப வைத்தார்.

"அன்னைக்கு உங்களைப் பாத்து எனக்குப் பெருமையா இருந்துது," என்றார். "பச்சோந்தி எனக்குச் சிஷ்யன் இல்லையே, அண்ணாச்சி."